ஒரு சொல்லின் ஜாதகம்

மனிதர்களுக்கு ஜாதகம் இருப்பது போலச் சொற்களுக்கும் ஜாதகம் உண்டு. சில சொற்கள் நல்ல வேளையில் பிறந்து கடைசி வரையில் சீரும் சிறப்புமாக வாழ்கின்றன. சில சொற்கள் அரண்மனையில் பிறந்து குடிசைக்கு வந்து சேர்கின்றன. இன்னும் சில, மூலையில் கேட்பாரற்றுக் கிடந்து, யாரோ ஒரு புண்ணியவான் கை பட்டு மறுபடியும் சபை ஏறுகின்றன. நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களின் ஏற்றத் தாழ்வைக் கவனிப்பது தொழில். சொற்களின் ஏற்றத் தாழ்வைக் கவனிப்பது எனக்கு ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு.

அப்படி நான் கவனித்த சொற்களில் 'லோர்' என்ற சின்னஞ்சிறு ஆங்கிலச் சொல்லைப் போல உயர்ந்து, தாழ்ந்து, மறுபடியும் உயர்ந்த சொல் அதிகம் இல்லை. நம்மில் பலருக்கு 'ஃபோக்லோர்' என்ற கூட்டுச் சொல்லின் பின்பாதியாகத்தான் அது அறிமுகம். தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப் பாட்டு, விடுகதை, பழமொழி, கை வைத்தியம், சகுனம், மழைக் குறி, பாட்டி சொன்ன பேய்க் கதை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பெரிய மூட்டைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். இந்தப் பெயரை வைத்தவர் யார்? ஏன் வைத்தார்? அதற்கு முன்னால் மூட்டைக்கு என்ன பெயர்? பெயர் வைத்ததனால் மூட்டைக்குச் சொந்தக்காரர்களுக்கு லாபமா, நஷ்டமா? கடைசிக் கேள்வி நம்மையும் தொடுகிற கேள்வி. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும்.

ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் பேசிய மொழியை இன்றைய ஆங்கிலேயர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினால் விழிப்பார். அந்தப் பழைய மொழியில் நம்முடைய சொல் 'லார்' என்று இருந்தது. கல்வி, போதனை, உபதேசம் எல்லாம் 'லார்'தான். கற்பிப்பதற்கு 'லேரன்' என்று சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகள் இன்று படிக்கிற 'லேர்ன்' என்ற சொல்லும் இதே குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மானியர் இன்றும் ஆசிரியரை 'லேரர்' என்று அழைக்கிறார்களே, அதுவும் பங்காளிதான்.

பழைய ஆங்கிலத்தில் ஆசிரியருக்கு இருந்த பெயர் 'லாரெயோவ்'. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்த மொழி நூலார், 'லார்' என்பதோடு ஊழியன் என்ற பொருளுள்ள இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டு அது உண்டாயிற்று என்கிறார்கள். ஆசிரியர் என்றால் கல்விக்கு ஊழியம் செய்கிறவர். பிரம்பைக் கையில் எடுக்காத காலத்தில் வைத்த பெயர் போலிருக்கிறது!

அந்த நாளில் 'லார்' கிழவிகளின் கதைக்கு ஏற்பட்ட சொல் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பிரட் என்ற அரசன் இருந்தான். வடக்கேயிருந்து கடல் வழியாக வந்த கொள்ளைக்காரர்கள் மடங்களையும் சுவடிகளையும் எரித்து நாசமாக்கியிருந்த காலம் அது. கிரிகோரி என்ற போப்பாண்டவரின் நூல் ஒன்றை லத்தீனிலிருந்து தன் மொழிக்குக் கொண்டுவந்த அரசன், அதற்கு ஒரு முன்னுரை எழுதினான். ஒரு காலத்தில் வெளிநாட்டார் ஞானத்தையும் லாரையும் தேடி நம் நாட்டுக்கு வந்தார்கள். இப்போது நாம் அவற்றைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கிறதே என்று அதில் வருந்தினான். லத்தீன் வேதாந்தம் முதல் அரசன் படித்த பெருங்கல்வி வரையில் எல்லாவற்றையும் 'லார்' என்று சொல்லத் தயங்காத காலம்!

இன்னும் ஆழமாகத் தோண்டினால் மற்றொரு ரசமான செய்தி கிடைக்கிறது. இச்சொல்லின் ஆதி வேருக்குத் தடம், உழவுச் சால் என்று பொருள் கூறுகிறார்கள். அந்த வேரிலிருந்து முளைத்தவை விசித்திரமான சகோதரர்கள். ஜெர்மனியின் ரயில் நிலையங்களில் தண்டவாள எண்ணுக்கு முன்னால் 'க்ளைஸ்' என்று எழுதிப் போட்டிருக்கும். அது ஒரு சகோதரன். செருப்புத் தைக்கிறவர் உள்ளே கொடுத்துத் தைக்கும் பாதம் போன்ற கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாஸ்ட்' என்று பெயர். அது மற்றொரு சகோதரன். லத்தீனில் உழவுச் சாலை விட்டு விலகிப் போவதைக் குறித்த சொல், பிறகு புத்தி விலகிப் போவதைக் குறித்தது. ஜுரம் கண்டவர் பிதற்றும்போது டாக்டர் 'டெலிரியம்' என்கிறாரே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். முன்னே போனவர் கால் பதித்த இடத்தில் கால் வைத்து நடப்பதே கல்வி. தடத்தை விட்டால் பிதற்றல். எழுத்துத் தெரியாத ஏதோ ஒரு பழங்குடி, கல்வியைப் பற்றி இவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறது.

இப்படி உச்சத்தில் இருந்த சொல்லுக்கு 1066-ஆம் வருஷத்தில் ஏழரை நாட்டுச் சனி பிடித்தது. அந்த வருஷந்தான் நார்மண்டியிலிருந்து வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தை வென்றான். அரண்மனையிலும் நியாய ஸ்தலத்திலும் பிரெஞ்சு மொழி வந்து உட்கார்ந்தது. மாதா கோயிலிலும் கலாசாலையிலும் லத்தீன் இருந்தது. உழுகிறவனும் மாடு மேய்க்கிறவனும் பேசிய மொழியாகப் பழைய ஆங்கிலம் கீழே தங்கிவிட்டது. படித்தவர்களின் அறிவுக்கு 'டாக்ட்ரின்', 'ஸயன்ஸ்', 'டிஸிப்ளின்' என்று லத்தீன் வழிவந்த பெயர்கள் குடியேறின. 'லார்' என்பது 'லோர்' என்று உருமாறி, படிப்படியாகப் படி இறங்கிற்று. பதினான்காம் நூற்றாண்டில் சாஸர் என்ற கவிஞர் கிறிஸ்துவின் போதனையைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். அவருக்குப் பிறகு மெள்ள மெள்ள இதற்கு வயதாகிக்கொண்டே வந்தது. மூலிகையைப் பற்றிக் கிழவர்கள் அறிந்தது, வானத்தைப் பார்த்து மாலுமிகள் சொல்வது என்று, பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்த அறிவுக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது.

அறிவு மாறவில்லை. அதை வைத்திருந்தவர்களின் அந்தஸ்து மாறிற்று. பெயரும் கூடவே இறங்கிற்று. மொழிச் சரித்திரத்தில் இது அடிக்கடி நடக்கிற காரியம்.

இனி, மூட்டையின் கதைக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற ஆங்கிலேயர் கிராமத்து நம்பிக்கைகளையும் பழக்கங்களையும் கண்ட கண்ட காகிதங்களில் குறித்து வைத்தார். அச்சு யந்திரமும் வெடிமருந்தும் சேர்ந்து குட்டித் தேவதைகளையெல்லாம் நாட்டை விட்டு விரட்டிவிட்டன என்று வருந்தியவர் அவர். 1725-ல் நியூகாஸில் நகரத்துப் பாதிரியார் ஹென்றி பௌர்ன் இப்படிப்பட்ட வழக்கங்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார். அவருடைய நோக்கம் வேறு. எந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், எதைத் தலைமுழுக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர் அவர். 1777-ல் ஜான் பிராண்டு என்பவர் அந்தப் புத்தகத்தை விரிவாக்கினார். பிராண்டின் புத்தகத்துக்குப் 'பாமர மக்களின் பழம்பொருள்கள்' என்று அர்த்தம் வருகிற மாதிரி லத்தீன் மணம் வீசும் பெயர் அமைந்தது. எழுபது வருஷ காலம் மூட்டைக்கு அதுதான் பெயர். உடைந்த பானையையும் துருப் பிடித்த வாளையும் போல, தாலாட்டும் ஒரு பழம்பொருள்! பாடிக்கொண்டிருக்கிற தாய் பக்கத்து வீட்டில் உயிரோடு இருந்தாள் என்பது கனவான்களுக்குத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில் வருகிறார் நம் கதாநாயகர். பெயர் வில்லியம் ஜான் தாம்ஸ். 1803-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர். பிரபுவும் அல்ல, பேராசிரியரும் அல்ல. வயோதிகச் சிப்பாய்கள் வசித்த செல்ஸி ஆஸ்பத்திரியின் காரியாலயத்தில் குமாஸ்தாவாக வருஷக் கணக்கில் பேனா ஓட்டியவர். பிறகு பிரபுக்கள் சபையில் குமாஸ்தாவானார். பின்னால் அந்தச் சபையின் புத்தக சாலையில் உதவி நூலகராக உயர்ந்தார். பகலில் உத்தியோகம், இரவில் பழைய கதைகள். குமாஸ்தாக்களின் இரவு நேரத்துக்கு உலக இலக்கியம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது; அதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1846-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ஆந் தேதி, லண்டனில் வெளிவந்த 'அதீனியம்' என்ற வாரப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. கீழே 'ஆம்ப்ரோஸ் மெர்ட்டன்' என்று கையெழுத்து. அது புனைபெயர், எழுதியவர் தாம்ஸ். அப்போது அவருக்கு வயது 42. 'பாமர மக்களின் பழம்பொருள்கள்' என்று இங்கே நாம் சொல்லி வருவதற்கு நல்ல சாக்ஸனியக் கூட்டுச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை கூறி, 'ஃபோக்லோர்' என்ற சொல்லை அதில் முன்வைத்தார். 'ஃபோக்' என்றால் ஜனங்கள். 'லோர்' என்றால் அவர்களுடைய அறிவு. நாளுக்கு நாள் அழிந்துவரும் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பாட்டுக்களையும் பழமொழிகளையும் வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். முன்னோர்கள் முயன்றிருந்தால் அமோகமாக அறுத்திருக்கக்கூடிய வயலில், இப்போது சிந்திக் கிடக்கிற கதிர்களையாவது பொறுக்குவோம் என்று கேட்டுக்கொண்டார். ஆதியில் உழவுச் சாலாக இருந்த சொல், அறுத்த வயலிலே கதிர் பொறுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்ததைப் பாருங்கள்!

அவருடைய மனசுக்குள் ஜெர்மனி இருந்தது. கிரிம் சகோதரர்கள் 1812-லேயே தங்கள் நாட்டுக் கதைகளை அச்சேற்றியிருந்தார்கள். அண்ணன் யாக்கோபு கிரிம் எழுதிய ஜெர்மானியப் புராணவியல் நூல் தாம்ஸை மயக்கியிருந்தது. அப்படி ஒருவர் இங்கிலாந்தில் தோன்ற மாட்டாரா என்பது அவர் ஏக்கம். அற்பமாகத் தோன்றுகிற துணுக்குகளுக்கும் மதிப்பு உண்டென்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அழகானது. யார்க்ஷயரில் குழந்தைகள் செர்ரி மரத்தைச் சுற்றி நின்று, இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்போம் என்று குக்கூப் பறவையைக் கேட்டுப் பாடுவார்களாம். பிறகு ஒவ்வொரு குழந்தையும் மரத்தை உலுக்குமாம். எத்தனை பழம் விழுகிறதோ அத்தனை வருஷம் ஆயுள்! குழந்தை விளையாட்டு என்று தள்ளிவிடக்கூடிய இந்தச் செய்தியை, ஜெர்மனியில் அதே பறவையைப் பற்றி வழங்கிய பழைய நம்பிக்கைகளோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஆழமாகிவிடுகிறது என்றார்.

கடைசியில் ஒரு வார்த்தை: இந்தச் சொல்லை நாட்டுக்கு அளித்த பெருமை என்னைச் சேரும், மறந்துவிடாதீர்கள் என்று உரிமை கொண்டாடினார். புனைபெயரில் ஒளிந்துகொண்டே பெருமைக்கு மனுப் போட்ட இந்தக் குமாஸ்தாவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எழுத்தாள ஜாதியின் குணம் அப்படியே இருக்கிறது.

தாம்ஸ் 1849 நவம்பரில் 'நோட்ஸ் அண்டு க்வெரீஸ்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்து, 1872 வரையில் ஆசிரியராக இருந்தார். வாசகர்களே கேட்டு, வாசகர்களே பதில் எழுதும் பத்திரிகை அது. டிக்கன்ஸ் நாவல் ஒன்றில் கட்டில் என்ற கிழ மாலுமி வருகிறான்; கண்டதையெல்லாம் குறித்துக்கொள்ளச் சொல்லும் வழக்கமுள்ளவன். அவன் வாய்ப் பேச்சையே பத்திரிகையின் முகப்பு வாசகமாகப் போட்டார். அந்தப் பத்திரிகை இன்றும் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 1878-ல் லண்டனில் 'ஃபோக்லோர் சங்கம்' ஏற்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜனங்களின் நம்பிக்கைகளுக்குப் பெயர் வைத்த தாம்ஸ், ஜனங்கள் சொல்வதையெல்லாம் நம்புகிற மனிதர் அல்ல. 1873-ல் மனிதர்களின் நீண்ட ஆயுளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நூற்றைம்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்று சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைக்கப்பட்ட கிழவர் பார் முதலியவர்களின் வயதுக் கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டார். ஞானஸ்நானப் பதிவு எங்கே, அத்தாட்சி எங்கே என்று கேட்டார். செர்ரிப் பழத்தை எண்ணி ஆயுளைச் சொல்லும் குழந்தைகளிடம் அவ்வளவு பரிவு. வயதைக் கூட்டிச் சொல்லும் கிழவர்களிடம் அவ்வளவு கண்டிப்பு! இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி. ஒன்றை மதிப்பதற்கு அதை அப்படியே நம்பித் தீர வேண்டும் என்பதில்லை.

தாம்ஸ் புதிதாகச் செய்ததாகச் சொன்ன கூட்டுச் சொல், உண்மையில் பழைய ஆங்கிலத்திலேயே 'ஃபோல்க்லார்' என்ற வடிவில் இருந்தது. ஆனால் அர்த்தம் நேர் எதிர். மாதா கோயிலில் ஜனங்களுக்குச் செய்யும் பிரசங்கத்துக்கு அந்தப் பெயர். ஜனங்களுக்குச் சொல்லும் போதனை என்பது அன்றைய பொருள். ஜனங்கள் சொல்லும் போதனை என்பது 1846-ல் பிறந்த பொருள். பிரசங்க மேடையிலிருந்து கீழே இறங்கி, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது சொல். அதே இரண்டு உறுப்புக்கள்; நடுவிலே ஆயிரம் வருஷம்.

அப்படியானால் பெயர் வைத்தது ஜனங்களுக்கு லாபந்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். லாபந்தான். ஆனால் கணக்கில் மற்றொரு பத்தியும் இருக்கிறது. அதைக் காட்ட ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன்.

தாம்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1775-ல், வில்லியம் விதரிங் என்ற ஆங்கில டாக்டரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி வெகு காலமாக ரகசியமாக வைத்திருந்த மருந்து. உடம்பில் நீர் கோத்து வீங்கும் மகோதர வியாதிக்கு அதைக் கொடுப்பாள். பெரிய டாக்டர்கள் கைவிட்ட கேஸ்கள்கூட அவளிடம் குணமானதுண்டு. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கலவை அது. அவற்றில் வேலை செய்வது 'ஃபாக்ஸ்கிளவ்' என்ற செடிதான் என்று விதரிங் கண்டுகொண்டார். பத்து வருஷம் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, அளவை நிதானித்து, அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும் என்பதையும் எச்சரித்து, 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். இதய நோய்க்கு இன்றும் பயன்படும் 'டிஜிடாலிஸ்' வகை மருந்துகளின் சரித்திரம் அங்கிருந்து ஆரம்பமாகிறது.

விதரிங் நேர்மையானவர். கிழவியிடமிருந்து வந்தது என்பதை மறைக்காமல் எழுதினார். பத்து வருஷப் பொறுமையும் அளவுக் கணக்கும் அவருடையவை. அவையில்லாமல் அது மருந்தாகியிருக்காது. ஆனால் கிழவியின் பெயரை மட்டும் எழுதவில்லை. அவளும் பலருக்குக் கொடுத்துப் பார்த்தவள்தானே! அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா? 1928-ல் ஒரு மருந்துக் கம்பெனி, விளம்பரத்துக்காக அவளுக்கு ஒரு பெயரைக் கற்பனை செய்து சூட்டிற்று. பிற்பாடு வந்தவர்கள் அதையே சரித்திரம் என்று எண்ணிப் புத்தகங்களில் எழுதினார்கள். நூற்றைம்பது வருஷம் பெயரில்லாமல் இருந்தவளுக்குக் கடைசியில் கிடைத்தது பொய்ப் பெயர்.

கணக்கின் மற்றொரு பத்தி இதுதான். டாக்டரின் அறிவுக்கு 'விதரிங்' என்று பெயர் உண்டு. கிழவியின் அறிவுக்கு 'ஜனங்கள்' என்று பெயர். 'ஃபோக்' என்ற சொல் கௌரவமும் கொடுக்கிறது. அதே கையால் முகத்தையும் அழித்துவிடுகிறது.

'ஜனங்கள்' என்பவர் யார் என்பதை நிர்ணயிப்பதும் பெயர் வைக்கிறவரின் கையில் இருக்கிறது. இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னையில் வாழ்ந்த சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் 1871-ல் தென்னிந்தியாவின் 'ஃபோக்' பாடல்கள் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். கன்னடம், படகு, குடகு, தமிழ், மலையாளம், தெலுங்கு என்று பல மொழிப் பாட்டுக்களை ஆங்கிலமாக்கினார். நம்மிடம் பரிவுள்ள மனிதர். ஆனால் அந்தப் புத்தகத்தில் 'குறள்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஆம், திருக்குறளேதான்! பரிமேலழகர் உரை எழுதிய நூல், படுகர்களின் பாட்டுக்கும் குடகர்களின் பாட்டுக்கும் பக்கத்தில் நாட்டுப் பாடலாக உட்கார்ந்திருக்கிறது. படித்த தமிழர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார், அல்லது சிரிப்பார். கொஞ்சம் யோசித்தால், கடல் தாண்டி வந்தவரின் கண்ணுக்கு வள்ளுவரும் ஏற்றக்காரரும் ஒன்றாகவே 'ஜனங்கள்' ஆகிவிட்டார்கள் என்பது விளங்கும். நாம் இன்னொருவரை எந்தத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கிறோமோ, அதே தூரத்தில் நம்மை நிறுத்திப் பார்க்க யாராவது எங்கேயாவது இருக்கிறார்கள்.

முழுச் சொல்லும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 1884 முதல் பண்டித நடேச சாஸ்திரியார் 'தென்னிந்தியாவின் ஃபோக்லோர்' என்ற பெயரில் நம் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிடலானார். அதீனியத்தில் பிறந்த சொல் முப்பத்தெட்டே வருஷத்தில் கப்பலேறி வந்து நம் பாட்டிமார் கதைக்குத் தலைப்பாகிவிட்டது. இந்த நடேச சாஸ்திரியார் தமிழில் நாவலும் துப்பறியும் கதையும் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். பாட்டி கதையைப் பொறுக்கிய கைதான் நாவலும் எழுதிற்று. என்னைப் போன்றவர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

இங்கிலாந்தின் சொல்லை எத்தனையோ நாட்டார் தங்கள் மொழியிலே சேர்த்துக்கொண்டார்கள். ஸ்பெயினும் பிரான்சும் ரஷ்யாவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. பிரேஸிலில் 1965-ல் ஆகஸ்டு 22-ஆந் தேதியையே 'ஃபோக்லோர் தினம்' என்று அரசாங்கம் பிரகடனம் செய்தது. ஒரு குமாஸ்தாவின் கடிதம் வெளிவந்த நாள் ஒரு தேசத்தின் விழா நாளாயிற்று! ஆனால் சனி முழுவதும் விட்டபாடில்லை. பிரெஞ்சுக்காரர் ஒரு விஷயத்தை 'ஃபோக்லோர்' என்று தள்ளினால், பார்க்க வேடிக்கை, நம்ப ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்திலும் ஆதாரமில்லாத பேச்சுக்கு அந்தப் பெயர் வைப்பதுண்டு. 1989-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் தன் சிபாரிசுப் பத்திரத்தில் 'ஃபோக்லோர்' என்று எழுதிற்று; 2003-ல் செய்த உடன்படிக்கையில் அந்தச் சொல்லை விட்டு, தொட்டறிய இயலாத கலாசாரச் சொத்து என்ற பொருளில் வேறு சொல்லை எடுத்துக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். மஞ்சளைக் கேளுங்கள், சொல்லும். 1995-ல் அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குப் பேடன்ட் வாங்கினார்கள். முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு மஞ்சளை அரைத்துப் பூசாத வீடு நம் தேசத்தில் உண்டா? ஆனால் அமெரிக்காவின் அன்றைய சட்டப்படி, வெளிநாட்டில் ஒன்று வாய்வழியாக வழங்கி வந்தது என்பது செல்லாது. எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். கோடிப் பாட்டிமார் சாட்சி சொல்லத் தயாராயிருந்தாலும் அந்தக் கோர்ட்டில் கூண்டேற முடியாது. இந்திய அரசின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம், பழைய சம்ஸ்கிருத நூல்களையும் 1953-ல் இந்திய வைத்தியர்களின் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்துப் போய் வாதாடிற்று. 1997-ல் பேடன்ட் ரத்தாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஆயுர்வேதம், யுனானி, யோகம் ஆகியவற்றோடு நம் சித்த வைத்திய ஏடுகளிலுள்ள முறைகளையும் ஐந்து அந்நிய மொழிகளில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் வேலை தொடங்கிற்று.

கதிர் பொறுக்கிய தாம்ஸை நாம் பரிகாசம் செய்ய முடியாது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எழுதி வைத்த காகிதந்தான் மஞ்சளை மீட்டுக் கொடுத்தது. அதே சமயம், எழுதாமல் நடந்து வந்த நடைக்கு அந்தச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்பதும் இதே வழக்கில் வெளிப்பட்டது. எழுதுவது அவசியம், எழுதினது மட்டுமே அறிவு என்று எண்ணுவது அநியாயம்.

இந்த மூட்டைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற சர்ச்சையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கி.வா. ஜகந்நாதன் 'நாடோடி இலக்கியம்' என்றார். பெர்ஸி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களை 1958-ல் 'மலையருவி' என்று பதிப்பித்தவர் அவர். 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வெளியிட்ட நா. வானமாமலை, நாட்டுப் பாடல் என்றார். சர்வகலாசாலைகளில் 'நாட்டுப்புறவியல்' என்பது பரவிற்று. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் 'நாட்டார் வழக்காற்றியல்' என்று சொல்கிறார்கள்.

எனக்கு வோட்டு இருந்தால் கடைசிச் சொல்லுக்குப் போடுவேன். காரணம் சொல்கிறேன். நாடோடி என்றால் ஊர் ஊராகத் திரிகிறவன். நாட்டுப்புறத்தான் என்றால் பட்டணத்துக்காரன் வாயில் அது வசவு. நாட்டார் என்பதோ சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஒரு நாட்டின் காரியங்களை நிர்வகித்த சபையாரின் பெயர். தலை நிமிர்ந்த சொல். 'வழக்காறு' என்பதில் வழக்கும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. வழங்குதல் என்றால் பழைய தமிழில் நடமாடுதல். ஆறு என்றால் வழி. நடந்து நடந்து உண்டான வழி. ஆங்கிலச் சொல்லின் ஆதி வேரில் புதைந்து கிடந்த தடம், தமிழில் வெளிப்படையாகவே தெரிகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்த பொருத்தமாகத் தோன்றவில்லை. கல்வியை நடையாகவும் வழியாகவும் நினைப்பது இரண்டு ஜாதியாருக்கும் இயல்பாக வந்திருக்கிறது.

இன்றைய பிள்ளைகளிடம் 'லோர்' என்று சொல்லிப் பாருங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்களிலும் சினிமாக்களிலும் வரும் கற்பனை உலகங்களின் பூர்வ கதைக்கு அதுதான் பெயர் என்பார்கள். எந்த ராக்ஷசன் எந்த மலையில் பிறந்தான் என்பதெல்லாம் 'லோர்'. அதைக் கரைத்துக் குடித்தவனுக்கு அவர்கள் கூட்டத்தில் தனி மரியாதை. மனிதர்களுக்கும் 'லோர்' உண்டாம். ஒருவருடைய பழைய வாழ்க்கைக் கதையை அப்படிச் சொல்கிறார்கள். ஆல்பிரட் அரசனின் சொல் மறுபடியும் வாலிபமாகித் திரிகிறது. அதைக் கேட்டு நான் வருத்தப்படவில்லை. தடம் புல் மூடிப் போகாமல் யாராவது நடந்துகொண்டிருந்தால் சரி.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பாட்டுக்கும் பழமொழிக்கும் கை மருந்துக்கும் ஆதியில் ஆசிரியர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நமக்குச் சொன்னவர் யார் என்று நமக்குத் தெரியும். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு பெரியவர் அப்படி ஏதாவது சொன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மெய்யா பொய்யா என்ற விசாரணையைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். தாம்ஸும் அப்படித்தான் செய்தார். எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் ஊரையும் மறக்காமல் முதல் வரியில் எழுதிவிடுங்கள். ஷ்ராப்ஷயர்க் கிழவிக்கு விதரிங் செய்யத் தவறியது அந்த ஒரு வரிதான்.